பாழ்வளவு, திறந்த கிணறு, பதில் தராத சபை: எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: திருகோணமலை நகரில் ஓர் ஒழுங்கையில் குடியிருக்கிறோம். முகப்பிலுள்ள வளவின் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். பற்றை மண்டிய அந்த வளவில், ஒழுங்கையை ஒட்டியே, கட்டு இடிந்த கிணறொன்று திறந்து கிடக்கிறது. இரவில் யார்யாரோ குப்பை கொட்டுகிறார்கள். சென்ற மாரியில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்தது. எதிரே ஒரு கராஜ். இரவு ஒன்பது மணிவரை தகடு வெட்டும் சத்தமும் பெயின்ற் வாடையும். தெருவிளக்கு எட்டு மாதமாக எரியவில்லை. சபைக்கு மூன்று தடவை போய்ச் சொன்னோம், "பார்க்கிறோம்" என்றார்கள். பதினேழு பேர் ஒப்பமிட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. முகநூலில் படம் போட்டதற்கு, மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்கிறார் கராஜ்காரர். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் இணைத்திருந்த கடிதப் பிரதியைக் கவனமாக வாசித்தேன். அது நியாயமான கடிதம். ஆனால் பதில் எழுத வேண்டிய கடமை எவருக்கும் ஏற்படாதவாறு எழுதப்பட்ட கடிதம். "உரிய அதிகாரிகளுக்கு" என்று தொடங்கி, கிணறு, குப்பை, கராஜ், விளக்கு ஆகிய நான்கையும் ஒரே பந்தியில் அடுக்கி, திகதியின்றி முடிகிறது. பிரதியில் சபையின் முத்திரையும் இல்லை. சுகாதாரப் பகுதியின் மேசைக்குப் போனால் அது விளக்கைப் பற்றிய கடிதம். வேலைப் பகுதியின் மேசைக்குப் போனால் அது நுளம்பைப் பற்றிய கடிதம். ஆகவே முதலில் இந்த நான்கையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதமாக, அதற்குப் பொறுப்பானவரின் பதவிப் பெயருக்கு எழுதுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை பெறுங்கள், இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இது வெறும் அலுவலக ஒழுங்குக்காகச் சொல்லப்படுவதல்ல. சட்டம் விதித்த கடமையைச் செய்யுமாறு ஒரு பொது நிறுவனத்துக்கு ஆணை பிறப்பிக்கும்படி பின்னர் மேல் நீதிமன்றத்தைக் கேட்க நேர்ந்தால், நீங்கள் கோரினீர்கள், அவர்கள் செய்ய மறுத்தார்கள் அல்லது செய்யாது விட்டார்கள் என்பதை அங்கே காட்ட வேண்டியிருக்கும். வாய்ச்சொல்லாகக் கொடுத்த மூன்று முறைப்பாடுகளையும் அங்கே எப்படிக் காட்டுவீர்கள்?

எழுதுவதற்கு முன்னர், நீங்கள் எந்தச் சபையின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். "நகரம்" என்று நாம் பொதுவாகச் சொல்லும் இடமெல்லாம் திருகோணமலை மாநகர சபைக்குள் அடங்குவதில்லை. அதனை அடுத்துள்ள பகுதிகள் பட்டினமும் சூழலும் பிரதேச சபையின் கீழ் வருகின்றன. உங்கள் சோலைவரிப் பற்றுச்சீட்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறதோ அதுவே விடை. மாநகர சபைகளுக்கு மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் பொருந்தும். கராஜின் சத்தத்துக்கு இந்த எல்லை எவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே காண்பீர்கள்.

இவற்றுள் உயிராபத்து உள்ளது கிணறு ஒன்றே என்பதால் அதற்கு முதலிடம் கொடுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லைகளை அகற்றுவிக்கும் அதிகாரத்தை நீதவானுக்கு அளிக்கிறது. பொதுவழியில் உள்ள தடைகள், சமூகத்தின் உடல்நலத்துக்கோ சௌகரியத்துக்கோ கேடான தொழில்கள், விழக்கூடிய நிலையில் உள்ள கட்டடங்களும் மரங்களும் ஆகியவற்றோடு, பொதுவழியை அடுத்துள்ள கிணறும் பள்ளமும் ஆபத்து விளைவிக்காதபடி சுற்றி வேலியிட்டு அடைக்கப்பட வேண்டும் என்பதும் அப்பிரிவில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டுள்ளது. நீதவான் முதலில் ஒரு நிபந்தனைக் கட்டளை பிறப்பிப்பார்: குறித்த காலத்துக்குள் கிணற்றைச் சுற்றி அடைத்துவிடுங்கள், அல்லது மன்றில் தோன்றி ஏன் அடைக்கக் கூடாது என்று காட்டுங்கள் என்பதே அதன் சாரம். எதிராளி தோன்றவுமில்லை, அடைக்கவுமில்லை என்றால் அக்கட்டளை முடிவானதாகும். அதன்பின் கீழ்ப்படியாதிருப்பது குற்றம்.

இதில் இரண்டு சிக்கல்களை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். முதலாவது, உங்கள் ஒழுங்கை பொதுவழிதானா என்பது. சில ஒழுங்கைகள் காணியைத் துண்டு பிரித்தபோது தனியார் விட்ட பாதைகளாகவே இன்னும் இருக்கின்றன. நில அளவைப் படத்தையும் உறுதியையும் எடுத்துப் பாருங்கள். சபையின் வீதிப் பதிவில் ஒழுங்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள். தெருவிளக்குக்கும் இதே கேள்விதான் முதலில் எழும். இரண்டாவது, உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பது. இத்தகைய காணிகளுக்குப் பெரும்பாலும் ஒரு மைத்துனரோ மச்சானோ, உரிமையாளர் சார்பிற் செயற்படும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் வைத்திருப்பார், அல்லது சோலைவரியையாவது கட்டிவருவார். அவரைக் கண்டுபிடித்து அவருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். எனது அனுபவத்தில், இப்படிப்பட்ட முறைப்பாடுகளிற் கணிசமானவை, நீதவான் மன்றுக்குப் போகும் என்று அறிந்தவுடனேயே அந்த மைத்துனரால் இரண்டு மூடை சீமெந்துடன் தீர்க்கப்பட்டுவிடுகின்றன.

முறைப்பாட்டைப் பொலிசார் மன்றுக்கு அறிக்கையாகச் சமர்ப்பிக்கலாம். அவர்கள் தாமதித்தால், பாதிக்கப்பட்டவர்கள் சத்தியக் கடதாசியுடன் சட்டத்தரணி ஊடாக மன்றைத் தாமே நாடலாம். கிணற்றுக்கும் ஒழுங்கைக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுதுங்கள். பகலில் எடுத்த, திகதி தெரியும் படங்களை இணையுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் எந்த நேரங்களில் அவ்வழியே நடக்கிறார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கும்போது, உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டதற்கு ஒப்பமிடாதீர்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தின்படி வடக்கு கிழக்கு மாகாணங்களில் தமிழும் நிர்வாக மொழி என்பதால், தமிழில் பதிவுசெய்யுமாறு கோருவது உங்கள் உரிமை, அது சலுகையல்ல. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே வளவின் பற்றையும் குப்பையும் வேறு சட்டத்தின் கீழ் வருகின்றன. நுளம்புகள் பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், நீர் தேங்கக்கூடிய ரின், போத்தல், சிரட்டை, பழைய ரயர் போன்றவற்றை அகற்றுவதையும், கிணற்றில் நுளம்பு பெருகாமற் காப்பதையும், பற்றையை வெட்டுவதையும் வளவின் உரிமையாளர் அல்லது அதில் இருப்பவரின் கடமையாக்குகிறது. இதற்கான கடிதம் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக வேண்டும், பிரதி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு. இரண்டு பிள்ளைகளின் வைத்தியசாலை அட்டைப் பிரதிகளைப் பெற்றோரின் சம்மதத்துடன் இணையுங்கள். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானபோது நமது மாவட்டத்தில் கிண்ணியா பட்ட பாட்டை எந்தப் பரிசோதகரும் மறந்திருக்க மாட்டார். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் இக்கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும்.

குப்பையைப் பொறுத்தவரை சபையும் பொறுப்பாளியே. வீதிகளைக் கூட்டித் துப்புரவாக்குவதும், வீட்டுக் குப்பையை அகற்றுவதும், தொல்லை விளையாதபடி அதனை ஓரிடத்திற் சேர்ப்பதும் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகள் சபைக்கு விதிக்கும் கடமைகள். பிரதேச சபைகள் சட்டத்தில் இதே கடமைகள் 93 முதல் 95 வரையான பிரிவுகளில் உள்ளன. கடிதத்தில் உங்கள் சபைக்குரிய பிரிவு எண்களை எழுதுங்கள். குப்பைப் பையைக் கிழித்து ஒழுங்கையெங்கும் இறைக்கும் மாடுகளுக்கும் நகருக்குள் உலாவும் புள்ளிமான்களுக்கும் அழைப்பாணை அனுப்ப முடியாது. பையை அங்கே கொண்டுவந்து போடுபவருக்கு அனுப்பலாம். வாகன இலக்கம் தெரிந்தால் குறித்துக்கொடுங்கள்.

இனிக் கராஜ். இங்கே சற்று நிதானம் தேவை, ஏனெனில் அவர் சட்டப்படி தொழில் செய்பவராகவும் இருக்கலாம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட பட்டியலில் அடங்கும் தொழில்களை நடத்தச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். தொழிலின் வகையைப் பொறுத்து அதனை மத்திய சுற்றாடல் அதிகார சபையோ உள்ளூராட்சி மன்றமோ வழங்கும். உரிமம் இருக்கிறதா, இருந்தால் அதில் வேலை நேரம், பெயின்ற் அடிக்கும் இடம் பற்றி என்ன நிபந்தனைகள் உள்ளன என்பதை அறியாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். சத்தத்துக்கோ 1996ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அளவை நிர்ணயித்துள்ளன. மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபெல், இரவில் 50. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55, இரவில் 45. அவ்விதிகளில் இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். ஆகவே நீங்கள் முறையிடும் ஒன்பது மணிச் சத்தம் இரவு அளவாலேயே அளக்கப்பட வேண்டும். கைத்தொலைபேசியில் அளந்து நீங்கள் எழுதிவைப்பது மன்றிற் சான்றாகாது. அளக்குமாறு சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

மானநஷ்ட மிரட்டலுக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் முகநூலில் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். அவதூறு இந்நாட்டில் 2002 முதல் குற்றவியற் குற்றமல்ல; குடியியல் வழக்கு மட்டுமே தொடுக்கலாம். உரிய அதிகாரிக்கு நல்லெண்ணத்துடன் கொடுக்கப்படும் முறைப்பாட்டுக்குச் சட்டம் சிறப்புரிமைப் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு முகநூல் பதிவுக்குக் கிடைக்காது. நமது சட்டத்தில் சொன்னது உண்மை என்று காட்டுவது மட்டும் போதாது, அதைச் சொல்வது பொதுநன்மைக்காக என்பதையும் காட்ட வேண்டும். "கள்ளன்" என்ற ஒரு சொல் உங்கள் பதிவில் இருப்பதைக் கண்டேன். உரிமம் இல்லையென்று உங்களுக்குத் தெரியாதபோது அச்சொல் உங்களுக்கு எதிராகவே பயன்படும். அதற்குமேல், இணையத்தில் பொய்க்கூற்றுகளைப் பரப்புவதற்கு எதிரான 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. பதிவின் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, அதை நீக்கிவிடுங்கள்.

தெருவிளக்குக் கடிதம் இரண்டு வரியிற் போதும்: மின்கம்ப இலக்கம், எரியாத நாள் முதல் இன்றுவரை உள்ள காலம்.

கடிதங்கள் கொடுத்து ஒரு மாதமாகியும் அசைவில்லையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அது விவாதத்தை அழைக்கும் கேள்வி. இன்ன திகதிய கடிதத்தின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி, கராஜுக்கு வழங்கப்பட்ட உரிமத்தினதும் நிபந்தனைகளினதும் பிரதி என்று ஆவணங்களைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். அவ்வாறு கிடைக்கும் கோப்புப் பிரதிகளோடுதான், தேவைப்பட்டால், திருகோணமலை மாகாண மேல் நீதிமன்றில் ஆணை கோர முடியும். உள்ளூராட்சி மாகாணப் பட்டியலில் உள்ள விடயம் என்பதால், அரசியலமைப்பின் 154த (4) உறுப்புரையின் கீழ் அந்நீதிமன்றுக்கு நியாயாதிக்கம், அதாவது விசாரித்துத் தீர்க்கும் அதிகாரம், உண்டு. இதற்காகக் கொழும்புக்குப் பயணம் செய்ய வேண்டியதில்லை. கட்டணம் இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கிணறு பற்றிய முறைப்பாட்டை மட்டும் அந்த ஒரு மாதம் காத்திருக்காமல் இவ்வாரமே கொடுத்துவிடுங்கள். அதுவரை அதன் வாயில் நான்கு பலகையும் ஒரு சிவப்புத் துணியும் கட்டுவதற்கு யாருடைய அனுமதியையும் எதிர்பார்க்க வேண்டாம். கட்டுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.