கீழே விழுந்த டரான்டுலா பிழைக்குமா?

தொட்டியின் கண்ணாடியில் ஏறி விழுந்த உங்கள் டரான்டுலா சிலந்தியின் வயிற்றிலிருந்து தெளிந்த நீர் கசிகிறது என்கிறீர்கள். அது நீரல்ல, இரத்தம். செம்பு கொண்ட ஹீமோசயனின் என்னும் புரதம் அதில் இருப்பதால் சிவப்பாக இராது. நிறமற்றோ இலேசான நீலமாகவோ தெரியும்.

முதலில் கசிவை நிறுத்துங்கள். பஞ்சுக்குச்சியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, கீறலின் மேல் சோளமாவைத் தூவுங்கள். நிற்காவிட்டால் பல்குத்தும் குச்சியின் முனையில் துளி சூப்பர் குளூ எடுத்துக் கீறலில் மட்டும் வையுங்கள். முரட்டு வைத்தியம்தான், ஆனாலும் வளர்ப்பவர்கள் பலர் நம்பும் வழி இது. வயிற்றின் அடிப்புறம் வெளிறிய திட்டுகளாகத் தெரியும் புத்தக நுரையீரல்களில் பசை படவே கூடாது. சிலந்தி மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான்.

இவ்வளவு அவசரம் எதற்கு? டரான்டுலா கால்களை நீட்டுவது பெரிதும் இரத்த அழுத்தத்தால்தான். இரத்தம் குறைந்தால் கால்கள் உள்நோக்கிச் சுருண்டுகொள்ளும். அது நல்ல அறிகுறியல்ல.

கால் ஒடிந்து விழுந்திருந்தால் பெரிய கவலை வேண்டாம், அடுத்தடுத்த தோலுரிப்புகளில் முளைக்கும். முதிர்ந்த ஆணுக்கு மட்டும் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை.

உயரம் குறைந்த பெட்டியில், தண்ணீர்க் கிண்ணத்துடன் தனிமையில் விடுங்கள். உயிருள்ள பூச்சியை இப்போது போடாதீர்கள், அது காயத்தையே கடிக்கும். மல்லாந்து கிடந்தால் பெரும்பாலும் தோலுரிக்கிறது என்று பொருள், திருப்பிப் போடாதீர்கள்.