தவறுதலாக முன்கூட்டியே விடுதலையான அண்ணன் மீண்டும் சிறைக்குச் செல்ல வேண்டுமா?

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். இரண்டு திருட்டுக் குற்றங்களுக்காக என் அண்ணனுக்கு 18 மாதமும் 24 மாதமும் சிறைத்தண்டனை கிடைத்தது. 16 மாதம் முடிந்ததும் சிறை அதிகாரிகளே விடுதலைச் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்பது மாதமாக லாரி நிறுவனமொன்றில் ஒழுங்காக வேலை செய்கிறார். இப்போது, கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது, தண்டனை பாக்கி இருக்கிறது, காவல் நிலையத்துக்கு வரவும் என்று தொலைபேசி வந்துள்ளது. நிலைமை தெளியும்வரை ஈப்போவில் சித்தி வீட்டில் இருக்கட்டும் என்கிறார் அம்மா. என்ன செய்வது, ஐயா?

பதில்: சகோதரி, ஈப்போப் பயணம் வேண்டாம் என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். இந்த நிமிடம் வரை உங்கள் அண்ணன் மீது எந்தக் குறையும் இல்லை. அவர் தப்பி ஓடவில்லை. கையில் சீட்டுக் கொடுத்து வாசல் வழியாக அனுப்பப்பட்டவர். ஆகவே, சட்டபூர்வக் காவலிலிருந்து தப்பிப்பதற்கு இரண்டாண்டு வரை சிறை விதிக்கும் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 224-ஆவது பிரிவு அவரைத் தொடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் தேடப்படுவது தெரிந்த பிறகு மறைந்தால், இதுவரை அவருக்குச் சாதகமாக இருந்த அனைத்தும் தலைகீழாகிவிடும். அதோடு, கைது செய்ய உத்தரவிடப்பட்டவருக்குப் புகலிடம் கொடுப்பது 216-ஆவது பிரிவின்கீழ் குற்றம். கணவன் மனைவிக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு, தாய்க்கோ தங்கைக்கோ சித்திக்கோ இல்லை.

காவல்துறை பேசுவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடிகள் நம் நாட்டில் மலிந்திருப்பதால், அந்த அழைப்பு உண்மையானதா என்பதை வழக்கறிஞர் மூலம் காவல் நிலையத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். யார் கேட்டாலும் பணம் அனுப்ப வேண்டாம்.

அடுத்து, பிழை எங்கே நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். நீங்கள் எழுதிய மாதக் கணக்கே அதைக் காட்டிக்கொடுக்கிறது. நன்னடத்தைக்காகத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். இரண்டு தண்டனைகளும் ஒரே காலத்தில் ஓடினால் 24 மாதத்தில் கழிவு போக 16 மாதம். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கினால் 42 மாதத்தில் கழிவு போக 28 மாதம். சிறை வாரண்டில் 'பெர்துருத்-துருத்' (ஒன்றன்பின் ஒன்றாக) என்று இருக்கிறதா, 'செரெந்தாக்' (ஒரே காலத்தில்) என்று இருக்கிறதா என்ற ஒரே சொல்லில்தான் அந்தப் பன்னிரண்டு மாதமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. எனவே வாரண்டின் நகலையும், நீதிபதி தண்டனையை அறிவித்தபோது எழுதிய வழக்குக் குறிப்புகளின் நகலையும் நீதிமன்றத்திடம் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே காலத்தில் ஓடட்டும் என்று நீதிபதி சொல்லியிருந்தால், உங்கள் அண்ணன் தண்டனையை முடித்தவர். அவரை மீண்டும் அடைத்தால், கூட்டரசு அரசியலமைப்பின் 5(2) பிரிவின்படி, சட்டவிரோதக் காவலிலிருந்து விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.

தொடர்ச்சியாக அனுபவிக்க வேண்டும் என்பதே உத்தரவாக இருந்தால், கசப்பானாலும் உண்மையைச் சொல்ல வேண்டியது என் கடமை. நீதிமன்றம் விதித்த தண்டனையை ஓர் அலுவலரின் கணக்குப் பிழை குறைத்துவிடாது. அப்போது வழக்கின் மையம் வெளியே கழிந்த ஒன்பது மாதத்துக்கு நகர்கிறது: அது தண்டனையில் சேர்ந்தால் மீதி மூன்று மாதம், சேராவிட்டால் பன்னிரண்டு மாதம். அது தானாகச் சேர்ந்துவிடும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. உயர் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டும். கீழ் நீதிமன்றத்தின் ஆவணங்களை வரவழைத்துத் தண்டனையை மாற்றும் மறுஆய்வு அதிகாரத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 323, 325-ஆம் பிரிவுகள் அதற்கு அளிக்கின்றன. இரண்டு திருட்டுகளும் ஒரே நிகழ்வின் பகுதியா என்று நீங்கள் எழுதவில்லை. அவை ஒரே நிகழ்வின் பகுதியானால், தண்டனைகள் ஒரே காலத்தில் ஓடுவதே பொதுவான நெறி என்ற வாதத்தையும் அங்கேயே வைக்கலாம்.

இத்தகைய பிழை வேறு நாடுகளிலும் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கணினிக் கணக்குப் பிழையால் 2002 முதல் ஆயிரக்கணக்கான கைதிகள் முன்கூட்டியே விடுதலையானது 2015 டிசம்பரில் வெளிவந்தது. மிசூரி மாநிலத்தில், 2000-ஆம் ஆண்டில் 13 ஆண்டு தண்டனை பெற்ற ஒருவரைச் சிறைக்கு அழைக்கவே மறந்துவிட்டார்கள். ஒளியாமல், தொழில் செய்து குடும்பம் நடத்திய அவரை 2013-இல் கைது செய்தபோது, வெளியில் வாழ்ந்த ஆண்டுகளைத் தண்டனையில் வரவு வைத்து 2014 மே மாதம் நீதிபதி விடுவித்தார். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் நியாயம் எடுத்துச் சொல்லத் தக்கது. ஒன்பது மாதச் சம்பளச் சீட்டுகள், முதலாளியின் கடிதம், அதே முகவரியில் வசித்ததற்கான ரசீதுகள் ஆகியவற்றை இன்றே திரட்டுங்கள். அவர் ஒளியவில்லை என்பதற்கு அவையே சாட்சி.

அண்ணன் தனியாகச் செல்லாமல், வழக்கறிஞருடன் தாமாகவே நிலையத்தில் ஆஜராகட்டும். கைதானால் காரணத்தைத் தெரிந்துகொள்ளவும், உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவு உரிமை தருகிறது. கட்டணம் சுமையாக இருந்தால் வழக்கறிஞர் மன்றத்தின் பினாங்கு சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். விடுதலைச் சீட்டின் இரு பக்கங்களையும் நகலெடுத்து, மூலத்தை வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள்; அது வேறு யார் கைக்கும் போகக் கூடாது.