ஏழு வருடக் கம்யூனிட்டி காலேஜ்: இனி யூனிவர்சிட்டி எடுத்துக்கொள்ளுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறேன். வயது 36. அக்கவுண்டிங் படிக்கலாம் என்று 2018-இல் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) சேர்ந்தேன். இரண்டு குழந்தைகள், நடுவில் ஒரு வருட இடைவெளி, குவார்ட்டருக்கு (சுமார் மூன்று மாதப் பருவம்) ஒன்றிரண்டு வகுப்பு என்று ஓடி, இப்போது 118 யூனிட் (பாட அளவு) சேர்ந்திருக்கிறது. மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, எகனாமிக்ஸுக்கு மாற்றிவிட்டேன். நான்கு டபிள்யூ (பாதியில் விட்ட வகுப்பு), ஒரு டி (குறைந்த மதிப்பெண்) உண்டு. ஊரில் பி.எஸ்சி. ஒரு வருடம் படித்துக் கல்யாணத்தோடு நின்றது வேறு. யூனிட் அதிகமானால் யூனிவர்சிட்டியில் நிராகரித்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உங்கள் விஷயத்தில் உண்மை இல்லை. கம்யூனிட்டி காலேஜ்களில் மட்டும் எத்தனை யூனிட் சேர்த்தாலும், யூனிட் அதிகம் என்ற காரணத்துக்காகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யு.சி.) யாரையும் தள்ளுவதில்லை. முதல் இரண்டு ஆண்டு நிலைப் பாடங்களில் 105 குவார்ட்டர் யூனிட் வரை பட்டத்துக்கான கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். செமஸ்டர் முறையில் அது 70. உங்களுடைய மீதி 13 யூனிட் எண்ணிக்கையில் சேராது. ஆனால் பாடம் வீணாகாது. அந்தப் 13-க்குள் கால்குலஸ் இருந்தால், கால்குலஸ் முடித்தவர் என்றே கொள்வார்கள். நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் மேல்நிலைப் பாடங்கள் நிறையப் படித்துவிட்டு வருபவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல். அவர்கள் கதையைக் கேட்டு நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

ஊரில் படித்த அந்த ஒரு வருடத்தை மட்டும் மறைக்காதீர்கள். பட்டம் முடிக்கவில்லையே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். படித்த எல்லாக் கல்லூரியையும் எழுதச் சொல்லித்தான் விண்ணப்பம் கேட்கிறது. பின்னால் தெரியவந்தால் கிடைத்த இடமே போகலாம். மதிப்பெண்களை மார்க்‌ஷீட்டில் இருப்பதுபோலவே எழுதுங்கள், நீங்களாக ஏ, பி என்று மாற்றாதீர்கள். முதல் வருடப் பாடங்கள் என்பதால் பொதுவாக அவையும் அந்த 105-க்குள்ளேயே அடங்கும். ஒருவகையில் பட்டத்தை முடிக்காமல் விட்டதே நல்லதாகிவிட்டது. ஏற்கெனவே ஓர் இளநிலைப் பட்டம் இருப்பவர்களை இரண்டாவது பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளப் பல வளாகங்கள் தயங்கும்.

சரி, எதைப் பார்த்து எடுக்கிறார்கள்? வருடங்களை அல்ல, மேஜருக்கான முன்பாடங்களை. எகனாமிக்ஸ் என்றால் மைக்ரோ, மேக்ரோ, கால்குலஸ், பெரும்பாலும் ஸ்டாடிஸ்டிக்ஸ். வளாகத்துக்கு வளாகம் வேறுபடும் என்பதால் எந்தக் கல்லூரிப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்று காட்டும் 'அசிஸ்ட்' இணையதளத்தில் உங்கள் கல்லூரி, போக விரும்பும் வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்து ஒப்பந்தப் பட்டியலை எடுத்து, முடித்த பாடங்களை அடித்துக்கொண்டே வாருங்கள். மிச்சம் நிற்பதை மட்டும் படியுங்கள். ஏழு வருடம் ஆனவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: போகப் பயந்து, 'இன்னும் ஒரே ஒரு வகுப்பு' என்று பட்டியலில் இல்லாத ஒன்றை எடுப்பார்கள். உங்களுக்கு இனி அது வேண்டாம். அந்த டி மைக்ரோவிலோ கணிதத்திலோ என்றால் திரும்ப எடுத்தே ஆகவேண்டும். வேறு எதிலோ என்றால், ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) எவ்வளவு என்று பார்த்து முடிவெடுக்கலாம். கலிஃபோர்னியாவாசிகளுக்கு யு.சி. கேட்கும் குறைந்தபட்சம் 2.4 என்றாலும், எகனாமிக்ஸுக்கு அதை நம்பிப் போக முடியாது.

மேஜருக்கு அப்பால் எல்லோரும் படிக்கவேண்டிய பொதுப்பாடத் திட்டத்தில் உங்கள் ஒரு வருட இடைவெளி குறுக்கே வரலாம். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து 'கால்-கெட்சி' என்ற புதிய திட்டம் வந்திருக்கிறது; அதற்கு முன் சேர்ந்து தொடர்ந்து படித்து வருபவர்கள் பழைய 'ஐகெட்சி'யிலேயே முடிக்கலாம். இடைவெளிக்குப் பின் அந்த உரிமை உங்களுக்கு நிற்கிறதா என்று கவுன்சிலரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய திட்டத்தில் மேடைப்பேச்சு மாதிரியான ஒரு வகுப்பு கட்டாயம். பழையதில் யு.சி.க்கு ஆங்கிலமல்லாத மொழி ஒன்று வேண்டும். ஊரில் தமிழ் மீடியத்தில் ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு வருடம் படித்திருந்தால் அதுவே போதும். பழைய சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

அப்புறம் தேதிகள். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் 'டேக்' என்ற உத்தரவாதச் சேர்க்கை உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோவில் கிடையாது. ஒரு வளாகத்துக்கு மட்டுமே போடலாம், செப்டம்பர் மாதத்துக்குள். உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் சாண்டா குரூஸைத்தான் முதலில் சொல்வேன், மலைப்பாதையில் வண்டி ஓட்டச் சலிப்பில்லை என்றால். பொது விண்ணப்பம் அக்டோபர் 1 முதல்; நவம்பர் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். ஜனவரியில் மதிப்பெண்களைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும், அதைத் தவறவிட்டு இடத்தை இழந்தவர்கள் உண்டு. கூடவே யு.சி.யிலிருந்து வேறான கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி அமைப்புக்கும் போடுங்கள். உங்கள் கம்யூனிட்டி காலேஜில் 'அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்பர்' என்ற இரண்டாண்டுப் பட்டம் வாங்கிவிட்டால் அந்த அமைப்பில் எங்காவது ஓரிடம் உறுதி, மூன்றாம் ஆண்டு மாணவராகவே சேரலாம். சான் ஹொசே ஸ்டேட் உங்கள் வீட்டுப் பக்கம்தானே.

பண உதவி வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. வாங்கினால் கவனியுங்கள்: படிப்புக்குத் தேவையான யூனிட்டில் 150 சதவீதத்தைத் தாண்டினால் கல்லூரி உதவியை நிறுத்தலாம். 90 யூனிட் படிப்புக்கு அது 135. நீங்கள் டபிள்யூ வாங்கிய வகுப்புகளும் இந்தக் கணக்கில் ஏறும், எனவே விளிம்புக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். மேஜர் மாறியது, குழந்தை பிறந்தது என்று காரணம் காட்டி மேல்முறையீடு செய்யலாம். திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசு உதவியான பெல் கிராண்ட் கணக்கு வேறு. முழுநேரமாக 12 செமஸ்டர் அளவுக்கு அது கிடைக்கும், பாதிநேரம் படித்தால் பாதிதான் கழியும். ஏழு வருடம் ஆனதால் தீர்ந்துபோயிருக்கும் என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள்.

டபிள்யூக்களைப் பற்றி விண்ணப்பத்தின் கூடுதல் விவரப் பெட்டியில் நான்கைந்து வரி போதும்: எந்தக் குவார்ட்டர், என்ன நடந்தது, அதன்பின் என்ன மதிப்பெண். கண்ணீர் வேண்டாம். 350 சொல் கட்டுரைகள் நான்கில் ஒன்று, மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்று கேட்கும். அக்கவுண்டிங்கில் தொடங்கியவர் எகனாமிக்ஸுக்கு வந்த கதையை அங்கே எழுதுங்கள். வயதை விண்ணப்பத்தில் எடை போடுவதில்லை. சேர்ந்தபின் குடும்பப் பொறுப்பைக் காட்டி அனுமதி வாங்கிப் பகுதிநேரமாகப் படிக்கவும் யு.சி.யில் வழி இருக்கிறது. அதை முதல் பருவம் தொடங்கும் முன்பே துறை ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.