சொல்லாமல் விட்டது ஏஐக்குப் புரியுமா?

கேள்வி: 'போன வாரம் கொலுசு கொடுத்த கடைக்காரருக்கு இன்னும் பத்து அனுப்புங்க' என்று அரைகுறையாகத்தான் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. ஏஐயிடம் கொடுத்துப் பட்டியல் போட்டால், எழுதாமல் விட்டதையும் சரியாகப் புரிந்துகொள்ளுமா?
– வெள்ளிப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: பாதி புரியும். 'அனுப்பினேன்' என்றால் 'நான்' வேண்டியதில்லை. 'ஏன்' விகுதியே சொல்லிவிடும். இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்போமே, அதில் இன்றைய ஏஐகளை இயக்கும் பெரிய மொழி மாதிரிகள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. 'அவருக்கு 10 ஜோடி, தம்பிக்கு 20' என்றாலும் 'ஜோடி'யை முன்னாலிருந்து எடுத்துக்கொள்ளும்.

உங்கள் வாக்கியத்தில் சிக்கலே 'கொடுத்த'தான். மெருகு போடக் கடைக்காரர் உங்களிடம் கொடுத்தாரா, நீங்கள் அவருக்கு விற்றுக் கொடுத்தீர்களா? பெயரெச்சத்தில் ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. 'கடைக்காரருக்கு' என்பதிலுள்ள 'கு' உருபு 'அனுப்புங்க' என்பதற்கானது; கொடுத்தது யார் என்று அது காட்டாது. உங்களுக்கு நடந்தது தெரியும். மாதிரிக்கு எழுத்து மட்டுமே தெரியும். எது அதிகம் பொருந்துமோ அதை எடுத்துக்கொண்டு, ஊகம் என்று சொல்லாமலே எழுதிவிடும். 'பத்து' ஜோடியா, ஒற்றையா என்பதும் அப்படியே. பணம் போவது இங்கேதான்.

அதனால் தொடக்கத்திலேயே 'எண் மட்டும் இருந்தால் ஜோடி' என்று எழுதுங்கள். போன வார டெலிவரிப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். 'விடுபட்ட சொல்லை அடைப்புக்குறிக்குள் நிரப்பு. உறுதியில்லை என்றால் கேள்விக்குறி போடு' என்றும் கேளுங்கள்.

சோதிக்கவும் வழி உண்டு. 'பலாப்பழம் சாக்குக்குள் போகவில்லை, ரொம்பப் பெரிசு' என்று எழுதி 'எது?' என்று கேளுங்கள். புது சாட்டில் 'ரொம்பச் சின்னது' என்று மாற்றிக் கேளுங்கள். முதலில் பழம், அடுத்து சாக்கு என்று வர வேண்டும். ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது கேளுங்கள். ஒரு முறை சரியாக வந்தது தற்செயலாக இருக்கலாம். ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கும் இந்த முறைக்கு வித்திட்டது அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டெர்ரி வினோகிராட் 1972-ல் காட்டிய உதாரணம். பிரபலமான சோதனை வாக்கியங்களை மாதிரிகள் ஏற்கெனவே படித்திருக்கும். ஆகவே உங்கள் பட்டறைப் பேச்சிலிருந்தே புதிதாக எழுதுங்கள்.

கேள்வி: எஸ்டேட் குறிப்புகளை ஆங்கிலமாக்கிக் கொடுத்தால் தவறு குறையுமா?
– காபித் தோட்ட மேலாளர், ஏற்காடு

பதில்: மாதிரிகள் ஆங்கிலம் அதிகம் படித்தவை என்பது உண்மை. ஆனாலும் 'பழம் பறிச்சுக் களத்துல காய வெச்சாச்சு' என்பதில் யார் என்பதே இல்லை. 'ஆச்சு' ஆளைக் காட்டாது. ஆங்கிலமாக்கும்போது நானா, அவர்களா என்று ஏதோ ஒன்றைப் போட நேரும், அல்லது வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டும். தவறு அங்கேயே நுழைந்துவிடும். தமிழிலேயே கொடுங்கள், யார் பறித்தது, எத்தனை கிலோ என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.