நல்ல வேலையில் இருந்தவர்கள், முழுநேர ஊழியத்துக்கான அழைப்பு வந்ததை எப்படி உறுதி செய்துகொண்டீர்கள்?

எனக்கு வானத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. அப்படி ஒன்று கேட்கும் என்று நானும் காத்திருந்தவன் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 14 வருடம் டீ மேக்கராக இருந்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய், வாடப் போட்ட இலையை ஒரு கை அள்ளி இறுக்கிப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் விரிந்தால் இன்னும் காற்று வேண்டும். உருண்டையாக நின்று, காம்பை மடக்கினாலும் ஒடியவில்லை என்றால் பதம் சரி. அந்த வேலை எனக்கு உயிர். வெறுத்துப்போய் ஊழியத்துக்கு வந்தவன் இல்லை நான்.

ஒரு ஜூலை மாதம், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு பாட்டிக்கு இழுத்துக்கொண்டிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி, தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி வந்த குடும்பம். எங்கள் ஆயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, நான்கு சபைகள். அன்று மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தது. பேரன் ஃபேக்டரிக்கே ஓடி வந்தான்: "ஐயா, நீங்களாவது வந்து ஜெபம் பண்ணுங்க." போய் 23ஆம் சங்கீதம் வாசித்தேன். அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடியும் நேரத்தில் கண் திறந்து, "இன்னும் போகலையா சாமி?" என்றார்.

அதற்குப் பிறகு லயத்தில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் என்னைக் கூப்பிட்டார்கள். போகாத நாட்களில்தான் மனசு கிடந்து தவித்தது.

இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஆயரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "வீட்டம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" மனைவி சம்மதிக்க எட்டு மாதம் ஆனது. குவார்ட்டர்ஸ் போகும், சம்பளம் பாதியாகும், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் பயம் நியாயமானது. அதை அவிசுவாசம் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. பிறகு சேகரக் கமிட்டியின் (ஒரே ஆயரின் கீழ் உள்ள சபைகளின் நிர்வாகக் குழு) பரிந்துரை, எங்கள் கோயம்புத்தூர் பேராயத்தில் (பிஷப்பின் நிர்வாகப் பகுதி) நேர்காணல், மதுரை அரசரடி இறையியல் கல்லூரி. புதிய ஏற்பாட்டை மூல மொழியில் படிக்க, 41 வயதில் கிரேக்க எழுத்துகளை எழுதிப் பழகினேன்.

நீங்கள் உடனே ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே ஒரு வருடம் ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் போய் வாருங்கள். மைக் பிடிக்க வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். பிறகு உங்கள் ஆயரிடம் போய்ப் பேசுங்கள்.