கட்டுவோர் கேள்வி பதில்: மணல் முந்தட்டும், சீமெந்து பிந்தட்டும்

கேள்வி: 1,000 சதுர அடியில் 5 இஞ்சி சிலாப் போட வேண்டும். விலை ஏறுமென்று பயந்து சீமெந்தை ஆவணியிலேயே இறக்கிவிட்டோம். மணல் இன்னும் வரவில்லை. மேசன்மாருக்குச் சும்மா இருக்கிற நாளுக்கும் கூலி போகிறது. கார்த்திகையில் போடலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: வாங்கிய வரிசை தலைகீழ். சீமெந்து ஆலை சீனக்குடாவிலேயே இருக்கிறது. திருகோணமலையில் அதற்கு அவசரப்படத் தேவையில்லை. மணலுக்குத்தான் அவசரம். அள்ளவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மாரியில் மகாவலி பெருகினால் அள்ளுவதே தடைப்படும். ஆகவே மணலையும் முக்கால் இஞ்சிக் கல்லையும் ஐப்பசி பிறக்குமுன் வளவில் குவித்துவிட வேண்டும். கம்பி, சிலாப்புக்கு மூன்று கிழமைக்கு முன் வந்தால் வளைத்துக் கட்ட நேரம் சரி. சீமெந்து மூன்று நாளுக்கு முன் போதும்.

1:2:4 கலவையில் (சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, கல் நான்கு) ஒரு கியூப், அதாவது 100 கன அடி கொங்கிறீற்றுக்கு ஏறத்தாழ 18 பை சீமெந்து, 45 கன அடி மணல், 90 கன அடி கல். உங்கள் சிலாப் 4.2 கியூப். சேதாரத்தோடு 80 பை, உலர்ந்த கணக்கில் 2 கியூப் மணல், 4 கியூப் கல். இதில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடங்காதீர்கள். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்தப் பொருத்து வழியே ஒழுகும்.

ஆவணிப் பை கார்த்திகையில் மூன்று மாதம் பழசு. பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கலாம். கட்டியை விரலால் நசுக்கினால் உதிர்கிறதா? பூச்சுக்கு எடுங்கள். உதிராவிட்டால் அந்தப் பையே வேண்டாம். அரித்துவிட்டு மிச்சத்தைச் சிலாப்பில் போடுவோம் என்பது வீண் சிக்கனம்.

கேள்வி: ‘இரண்டு கியூப்’ என்று வந்த மணல் எப்போதும் குறைகிறதே?
– வாசகர், கிண்ணியா

பதில்: முதலில் லொறிப் பெட்டியின் உட்புறத்தை அளவுங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் 150 கன அடி, அதாவது ஒன்றரை கியூப்தான். அளவு சரியாக இருந்தும் குறைந்தால் ஈரம்தான் காரணம். ஈர மணல் கால்வாசி வரை உப்பும். நேரான போத்தலில் 8 இஞ்சிக்கு மணலைப் போட்டு, மூழ்க நீர்விட்டுக் கலக்குங்கள். ஆறரைக்கு இறங்கினால் உப்பல் 23 வீதம். 2 கியூப் வேண்டிய இடத்தில் இரண்டரை வாங்க வேண்டும். கலவைக்கு மணல் அளக்கும் பெட்டியிலும் இதே திருத்தம் தேவை. மறந்தால் மணல் குறைந்து கொங்கிறீற் பொந்து விழும்.

கேள்வி: கடலோரம் கிடக்கும் கம்பியில் துரு. பயன்படுத்தலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: செம்மண் பூசியதுபோல மெல்லிய துருவால் பாதகமில்லை. செதிலாகக் கழன்றால் கம்பித் தூரிகையால் தேய்த்து நிறுங்கள். 12 மில்லிமீற்றர், 6 மீற்றர் கம்பி பத்து 53 கிலோ வர வேண்டும். 51க்குக் கீழே போனால் ஒதுக்குங்கள். புதுக் கம்பி வாங்கும்போதும் இதே நிறுவைதான். கடல் மணலில் நேரே போடாமல் அரை அடி உயரக் கட்டைமேல் அடுக்கித் தரப்பாளால் மூடுங்கள்.