கிரிட்ஸ் டிரம் சீக்வென்சர் வாங்கி மாடுலர் ரேக்கில் மாட்டிவிட்டேன். லைட் மின்னுகிறது, சத்தமே வரவில்லை. இதை எப்படி இயக்குவது?

சத்தம் வராது. பழுது ஒன்றும் இல்லை, கிரிட்ஸ் சத்தம் போடும் மாட்யூலே கிடையாது. எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. கிக், ஸ்னேர், ஹைஹேட் என்று மூன்று அவுட்புட் இருக்கிறதே, அவற்றிலிருந்து வருவது ஒரு மில்லிசெகண்ட் நீளமுள்ள 5 வோல்ட் துடிப்பு. இதைத்தான் ட்ரிகர் என்கிறார்கள். நேராக ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 'டிக் டிக்' என்று கேட்கும், அவ்வளவுதான்.

ஆகவே அடி வாங்க முதலில் ஓர் ஆள் வேண்டும். தனி கிக் மாட்யூல் இருந்தால் முதல் அவுட்புட்டை அதன் ட்ரிகர் இன்புட்டில் சொருகுங்கள். பிளெய்ட்ஸ் என்ற ஒலி மாட்யூல் வைத்திருந்தால் அதில் கிக், ஸ்னேர், ஹைஹேட் மூன்றுக்குமே மாடல் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஒலிக்கும். ஹைஹேட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஒரு நாய்ஸ் (இரைச்சல் தருவது), ஒரு விசிஏ (வோல்டேஜுக்கு ஏற்ப ஒலியைக் கூட்டிக் குறைப்பது), வேகமாக இறங்கும் ஒரு என்வெலப் (தட்டினால் ஏறி இறங்கும் வோல்டேஜ் தருவது) போதும். ட்ரிகர் என்வெலப்பைத் தட்டும், என்வெலப் விசிஏவைத் திறந்து மூடும், 'ச்' என்று கேட்கும்.

அடுத்தது கிளாக், அதாவது தாளத்தின் வேகத்தைச் சொல்லும் துடிப்பு. பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். டெம்போ நாப் இடப்பக்கக் கடைசியில் இருந்தால் கிரிட்ஸ் வெளிக் கிளாக்குக்காகக் காத்திருக்கும். வலப்பக்கம் திருப்பினால் தன் சொந்தக் கிளாக்கில் ஓடும். தனியாகச் சோதிக்கும்போது சொந்தக் கிளாக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கொடுப்பதென்றால் ஒரு பீட்டுக்கு எத்தனை துடிப்பு என்பதில் இரண்டு மாட்யூலும் ஒத்துப்போக வேண்டும். கிரிட்ஸில் 4, 8, 24 என்று மூன்று தேர்வு. உங்கள் கிளாக் 4 துடிப்பு அனுப்ப, கிரிட்ஸ் 24 எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் தாளம் 6 மடங்கு மெதுவாக நகரும். உயிருக்கு ஊசலாடுவதுபோல் எப்போதாவது ஒரு கிக் விழுந்தால் காரணம் இதுதான். பட்டனை நீண்ட நேரம் அழுத்தினால் அமைப்புகள் திறக்கும், அங்கே மாற்றிக்கொள்ளலாம். எந்த நாப் எதை மாற்றும் என்பதற்கு மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பேனலில் இவை எழுதியிருக்காது.

இனி விஷயத்துக்கு வருவோம். பழைய டிரம் மெஷின்களில் 16 பட்டன் இருக்கும், எந்த இடத்தில் அடி வேண்டுமோ அந்தப் பட்டனை அழுத்துவோம். கிரிட்ஸில் அந்தப் பேச்சே இல்லை. இதை வடிவமைத்த எமிலி ஜில்லே 2012-இல் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற தன் நிறுவனத்தின் பெயரில் கொண்டுவந்தபோது, ஏராளமான டிரம் லூப்களை ஆராய்ந்து, ஒன்றுக்கொன்று நெருங்கிய தாளங்கள் பக்கத்தில் வருமாறு ஒரு வரைபடமாக அடுக்கினார். 5-க்கு 5, மொத்தம் 25 புள்ளிகள். எக்ஸ், ஒய் நாப்களைத் திருப்புவது அந்த வரைபடத்தில் நடப்பதுதான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நின்றால் இரண்டும் கலந்த தாளம் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு 32 படி, அதாவது நான்கு பீட் கொண்ட ஒரு பார், ஒரு பீட்டுக்கு 8 படி.

ஆனால் வரைபடத்தைவிட முக்கியமானவை மூன்று ஃபில் நாப்கள். ஒவ்வொரு படிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உள்ளே இருக்கிறது. அந்த அடி எவ்வளவு அவசியம் என்பதற்கான மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில் நாப் செய்வது தகுதி மதிப்பெண்ணை நிர்ணயிப்பது. ஏரியில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் பெரிய பாறை, பிறகு சின்னக் கல் என்று தலைகாட்டுமே, அதுபோல நாப்பைத் திருப்பத் திருப்ப முதலில் தவிர்க்க முடியாத அடிகள் வரும், அப்புறம் இடையில் நிரப்பும் சின்னச் சின்ன அடிகள். 192-ஐத் தாண்டிய எண் உள்ள அடி விழும்போது கூடவே ஆக்சென்ட் (அழுத்தமான அடி) அவுட்புட்டிலும் ஒரு துடிப்பு வரும். எனவே ஃபில் கால் பங்கைத் தாண்டிய பிறகு எவ்வளவு ஏற்றினாலும் ஆக்சென்ட் விழும் இடங்கள் அதே இடங்கள்தான், சுற்றிலும் மெல்லிய அடிகள் மட்டும் கூடும். தாளம் நெரிசலானாலும் அதன் முதுகெலும்பு கலையாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. இத்தனைக்கும் ஆக்சென்ட் அவுட்புட் மூன்றையும் தொடாமலேயே வைத்திருப்பவர்கள்தான் அதிகம்!

அவற்றைத் தொடுங்கள். ஹைஹேட் ஆக்சென்ட்டை, கொஞ்சம் மெதுவாக இறங்கும் இன்னொரு என்வெலப்புக்குக் கொடுத்து அதே நாய்ஸை நீளமாக ஒலிக்கவிட்டால் ஓபன் ஹைஹேட் தயார். கிக் ஆக்சென்ட்டை ஒரு சாம்பிள் அண்ட் ஹோல்டுக்கு (ட்ரிகர் வரும் கணத்தின் வோல்டேஜைப் பிடித்து வைக்கும் மாட்யூல்) கொடுத்து, அதில் வரும் வோல்டேஜை பேஸ் சுருதிக்கு விட்டால், கிக் அழுத்தி விழும்போது மட்டும் பேஸ் ஸ்வரம் மாறும். வோல்டேஜைச் சரியான ஸ்வரத்தில் நிறுத்தும் குவான்டைசர் ஒன்று நடுவில் இல்லாவிட்டால் காது வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேயாஸ் நாப்பை எல்லோரும் முதல் நாளே முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். அது என்ன செய்கிறது என்றால், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் கிக், ஸ்னேர், ஹைஹேட் ஒவ்வொன்றுக்கும் ஓர் எதேச்சையான எண்ணைத் தேர்ந்து, அந்தச் சுற்று முழுக்க மதிப்பெண்ணோடு கூட்டுகிறது. படிக்குப் படி குலுக்கல் இல்லை. அதனால் அடிகள் கூடுமே தவிரக் குறையாது. கால் பங்குக்கு மேல் போனால் எனக்குப் பிடிப்பதில்லை, ஓயாமல் வளவளவென்று பேசுபவர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக மெதுவான ஒரு எல்எஃப்ஓவை (வோல்டேஜை மாறி மாறி ஏற்றி இறக்குவது) அட்டெனுவேட்டர் வழியாகக் குறைத்து ஸ்னேர் ஃபில் இன்புட்டில் கொடுங்கள். கிக் நிலையாக நிற்கும், ஸ்னேர் மட்டும் ஏறி இறங்கும், கேட்பவருக்கு ஒரு பிடி கிடைக்கும். ஸ்விங்கை (ஒன்றுவிட்டு ஒரு அடியைச் சற்றுத் தள்ளி விழவைப்பது) இயக்கியிருந்தால் இதே கேயாஸ் நாப் ஸ்விங் அளவாக மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கிரிட்ஸ் வரைபடம் முழுக்க நாலு பீட் கணக்குதான். நம் ஆட்கள் சீக்கிரமே கேட்பது: ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு வருமா? வரைபடத்தில் வராது. யூக்ளிடியன் நிலைக்குப் போக வேண்டும். இத்தனை படிகளில் இத்தனை அடிகளை முடிந்தவரை சமமாகப் பரப்பு என்பதுதான் அதன் கணக்கு. நியூட்ரான் இயந்திரங்களின் நேரக்கட்டுப்பாட்டுக்கு எழுதப்பட்ட அந்த வழிமுறை உலகின் எத்தனையோ தாளங்களைத் தருகிறது என்று காட்டியவர் கணினி அறிஞர் காட்ஃப்ரைட் டூசான், 2005-இல். இந்த நிலையில் எக்ஸ், ஒய், கேயாஸ் மூன்றும் முறையே கிக், ஸ்னேர், ஹைஹேட்டின் நீளம். ஃபில் என்பது அடிகளின் எண்ணிக்கை. ஹைஹேட்டை 7 நீளம் வைத்து ஃபில்லை முழுக்க ஏற்றுங்கள். கிக்கை 7 நீளத்தில் 2 அடி. 7-ஐ இரண்டாக முடிந்தவரை சமமாகப் பிரித்தால் 3-ம் 4-ம்தானே, 'தகிட தகதிமி' வந்துவிட்டது. 5 நீளத்தில் 2 அடி வைத்தால் கண்ட சாபு. நாப்பில் எண் எழுதியிருக்காது என்பதால் 7-இல் நிற்கிறோமா 8-இலா என்று சந்தேகம் வரும். இந்த நிலையில் ஆக்சென்ட் அவுட்புட்டுகள் சுற்றின் தொடக்கத்தில் மட்டும் துடிக்கும். அதை ஒரு மணிச் சத்தத்துக்குக் கொடுத்து எண்ணிப் பாருங்கள்.

வரைபடத் தாளத்தையே ஏழாக வெட்டவும் வழியுண்டு. 4 துடிப்பு வெளிக் கிளாக்கை 14-ஆல் வகுத்து ரீசெட்டில் கொடுத்தால் மூன்றரை பீட்டில் சுற்று திரும்பிவிடும். கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், எனக்கு அது பிடிக்கும்.

கிரிட்ஸைக் கழற்றி மாட்ட நேர்ந்தால் பவர் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். மியூட்டபிள் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் டிசைனும் மென்பொருள் நிரலும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டிருப்பதால் மற்றவர்கள் செய்யும் பிரதிகள் கிடைக்கின்றன. இன்னும் வாங்காமல் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விசிவி ரேக் (VCV Rack) என்ற கணினி மாடுலர் மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கி, வேலி (Valley) நிறுவனத்தின் டோப்போகிராஃப் மாட்யூலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கிரிட்ஸின் கணினி வடிவம், மேலே சொன்ன ஃபில், ஆக்சென்ட், யூக்ளிடியன் எல்லாவற்றையும் அதிலேயே செய்து பார்க்கலாம்.